மைக் யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

கட்டடக்கலை பற்றிச் சொற்பொழிவு என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். நாலு படம் காட்டுவார்கள், கடைசியில் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைப்போம். ஆனால் அப்படிப்பட்ட ஒரு பேச்சிலிருந்துதான் நியூயார்க் நகரத்தின் ஒரு பெரிய போராட்டக் கதை ஆரம்பிக்கிறது.

1956 ஏப்ரல் மாதம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நகர வடிவமைப்பு பற்றி ஒரு மாநாடு. பேச வேண்டியவர் 'ஆர்கிடெக்சுரல் ஃபோரம்' பத்திரிகையின் ஆசிரியர் டக்ளஸ் ஹாஸ்கெல். அவரால் போக முடியவில்லை. பதிலுக்குத் தன்னிடம் வேலை பார்த்த ஜேன் ஜேக்கப்ஸை அனுப்பினார். இவர் கட்டடக்கலை படித்தவர் அல்ல. கல்லூரிப் பட்டமே கிடையாது. மேடை என்றால் பயம் வேறு. உரையை மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

அப்போது அமெரிக்க நகரங்களில் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு உயரமான அடுக்குமாடிகள் கட்டுவதுதான் முன்னேற்றம் என்று நம்பினார்கள். ஜேக்கப்ஸ் பேசியதோ கடைகளைப் பற்றி! நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 50,000 பேருக்குப் புது வீடு கொடுத்தபோது 1,110 கடைகள் மறைந்துபோயின என்றார். கடை என்பது சாமான் வாங்கும் இடம் மட்டுமல்ல. கடைக்காரருக்குத் தெருவில் எல்லோரையும் தெரியும், அங்கேதான் நாலு பேர் நின்று பேசுவார்கள். முப்பது கடைகளுக்குப் பதில் ஒரு சூப்பர் மார்க்கெட் வரலாம், முப்பது கடைக்காரர்களுக்குப் பதில் அது வர முடியாது. இதுதான் அவர் வாதம். வரைபடத்தில் இந்த உறவுகளுக்குக் கோடு கிடையாதே!

கேட்டுக்கொண்டிருந்த லூயிஸ் மம்ஃபோர்டு போன்ற பெரிய அறிஞர்களே பாராட்டினார்கள். அந்தப் பேச்சு 1958-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகையில் ஒரு கட்டுரைக்கும், 1961-ல் 'அமெரிக்கப் பெருநகரங்களின் மரணமும் வாழ்வும்' என்ற புத்தகத்துக்கும் வழி திறந்தது. (பாராட்டிய மம்ஃபோர்டே 1962-ல் அந்தப் புத்தகத்தைக் கடுமையாக விமர்சித்தார் என்பது தனிக்கதை!)

இனி இரண்டாவது மேடைக்கு வருவோம். கீழ் மன்ஹாட்டன் வழியாகப் பத்து வழி விரைவுச்சாலை போட வேண்டும் என்பது ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் நெடுநாள் திட்டம். சுமார் 2,000 குடும்பங்களும் 800 வணிக நிறுவனங்களும் வெளியேற வேண்டும். இன்று உலகமே வியந்து பார்க்கும் சோஹோவின் வார்ப்பிரும்புக் கட்டடங்கள் பலவும் போயிருக்கும். 1968 ஏப்ரலில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அங்கே ஜேக்கப்ஸ் ஒன்றைக் கவனித்தார். மைக் அதிகாரிகளைப் பார்த்து இல்லை, மக்களைப் பார்த்து இருந்தது. அதாவது மக்கள் மக்களிடமே பேசிக்கொள்ள வேண்டியதுதான்! அதைச் சொல்லிவிட்டு, எதிர்ப்பைக் காட்ட மேடைமேல் நடந்தார். பலரும் பின்னால் வந்தார்கள். அவர் கைது செய்யப்பட்டார். 1969-ல் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டு மேடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் முடிவெடுப்பவர்களே எதிரில் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டாவதில் முடிவு ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது போல, கூட்டம் வெறும் சடங்காக நடந்தது. நல்ல பேச்சு மட்டும் ஒரு தெருவைக் காப்பாற்றாது. கேட்க வேண்டியவர் கேட்டால்தான் அது அரசியலாகும்.

முழு வெற்றி என்று சொல்ல முடியுமா? அதுவும் சந்தேகம்தான். காப்பாற்றப்பட்ட சோஹோ பிறகு பணக்காரர்களின் பேட்டையாகிவிட்டது. வாடகை ஏறி, சாதாரணக் கடைக்காரர்கள் போய்விட்டார்கள். கட்டடம் பிழைத்தது, கடைக்காரர் பிழைக்கவில்லை. 1956-ல் ஜேக்கப்ஸ் கவலைப்பட்டது கட்டடத்தைப் பற்றி அல்ல, கடைக்காரரைப் பற்றித்தான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் போய்ப் பாருங்கள். முதலில் மைக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள்!