குவேக்கர் முன்னோரும் அவர் எழுதிய ஏடுகளும்

சரித்திரமென்றால் மன்னர் முடி சூடியதும் மாண்டதுமே என்று ஆங்கிலப் பள்ளியில் நாம் உருப்போட்டோம். அப்பாடங்களில் உழுது பிழைத்தவன் ஒருவன் பெயரேனும் இருந்ததில்லை. ஆயினும் அதே இங்கிலாந்தில் குடியானவரும் நெசவாளரும் கடைக்காரருமான ஒரு கூட்டத்தார், தம் அன்றாட வாழ்வைத் தாமே எழுதி வைத்தனர். அவர்களே குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தார்.

ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) என்பாரின் போதனையால் திரண்ட இவர்களுக்குப் பாதிரியில்லை, ஞானஸ்நானமுமில்லை. மாதாகோயிற் பதிவேட்டில் குழந்தையின் பெயர் ஏறுவதோ ஞானஸ்நானத்தால். ஆதலின் பிறப்பு, மணம், அடக்கம் மூன்றிற்கும் சொந்தமாகவே ஏடு வைத்தனர். 1840இல் அவை சர்க்காரிடம் ஒப்புவிக்கப்பட்டன. குவேக்கர் வழிவந்த ஆங்கிலேயர் பலர் இன்று தம் பாட்டன் பூட்டனைத் தேடிப் புரட்டுவது அவற்றைத்தான்.

புரட்டுவோர் முதலில் இடறுவது மாதக் கணக்கில். ஜனவரி, மார்ச் முதலியன பழைய ரோமத் தேவதைகளின் பெயர்கள் என்று வெறுத்து, இவர்கள் மாதங்களை எண்ணாலேயே குறித்தனர். 1752க்கு முன் மார்ச்சே முதல் மாதம். ஆகவே ஐந்தாம் மாதமென்பது ஜூலை. 1752 முதல் ஐந்தாம் மாதமென்பது மே! கணக்குப்பிள்ளைக்கு இதனினும் தொல்லை வேறு வேண்டுமோ?

மணப்பத்திரமே நம் மனத்தை மிகவும் கவர்வது. மணக்க விரும்பும் இருவரும் மாதக் கூட்டத்தில் தம் எண்ணத்தை அறிவிப்பர். அவர்கள் வேறெவர்க்கும் வாக்குக் கொடுத்ததில்லையென விசாரித்தறிவர். பின்பு ஒருநாள் சபை நடுவே எழுந்து, ஒருவர்க்கொருவர் தாமே உறுதி மொழிவர். மந்திரமுமில்லை, மோதிரமுமில்லை. கூடியிருந்தோர், ஆணும் பெண்ணுமாக, பத்திரத்தில் ஒப்பமிடுவர். தாய் யார், தமையன் யார், அண்டைவீட்டார் யார் என்பதெல்லாம் ஒரே தாளில் கிடைக்கிறது. புரோகிதனின்றி மணமேது என்போர் கேட்பாராக: மணம் மாதாகோயிலிலேயே நடைபெறல் வேண்டுமென்று 1753இல் வந்த சட்டமும் குவேக்கர்க்கும் யூதர்க்கும் விலக்களித்தது.

மற்றொன்று துன்ப ஏடு. தாம் ஏற்காத கோயிலுக்குத் தசமபாகம் செலுத்த இவர்கள் மறுத்தனர். அதிகாரிகள் வீடு புகுந்து பொருளைப் பறித்தனர். பறிபோன பசு, கோதுமை, பித்தளைப் பாத்திரம், அவற்றின் விலை யாவற்றையும் எழுதி வைத்தனர். ஜோசப் பெஸ் என்பார் அத்தகைய குறிப்புக்களைத் திரட்டி 1753இல் இரு பெரும் புத்தகங்களாக வெளியிட்டார். எவரும் போற்றிப் பாடாத ஓர் ஏழையின் அடுக்களையில் என்ன இருந்தது, தொழுவில் எது நின்றது என்பது அக்கொள்ளையினாலன்றோ நமக்குத் தெரிகிறது!

கல்லறையைத் தேடிச் செல்வதில் பயன் குறைவு. ஆடம்பரமென்று கருதி 1717இல் லண்டன் ஆண்டுக்கூட்டம் கல் நாட்டுவதைக் கண்டித்தது. 1850இல்தான் எளிய கற்களுக்கு இடங்கொடுத்தது.

இவர்களிடத்தும் நாம் பாராட்டவியலாத ஒன்றுண்டு. சங்கத்துக்கு வெளியே மணந்தவரை நெடுங்காலம் நீக்கி வைத்தனர். குருமாரை ஒழித்தவர்கள் கட்டுப்பாட்டை மட்டும் ஒழிக்கவில்லை. நீக்கப்பட்ட பெண்ணொருத்தியின் பெயர் மாதக் கூட்டக் குறிப்பில் ஒரு வரியோடு நின்றுவிடும். அதற்கப்பால் அவளைத் தேடுவோர், அவள் பாட்டன் வேண்டாமென்று தள்ளிய மாதாகோயிற் பதிவேட்டையே திறந்து பார்த்தல் வேண்டும்.