இணையப் பாடமும் ஏற்காட்டு வகுப்பறையும்

ஏற்காடு என்றதும் பலருக்கு ஏரியும் காப்பித் தோட்டமும் நினைவுக்கு வரும். பள்ளி என்றால் 1917-ல் தொடங்கிய மாண்ட்போர்ட் போன்ற பெரிய உறைவிடப் பள்ளிகள் நினைவுக்கு வரும். ஆனால் சேர்வராயன் மலையின் சிற்றூர்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும், பழங்குடியினருக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே படிப்பவர்களில் பலர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். (பெயர் அப்படி இருந்தாலும் இவர்கள் பேசுவது தமிழ்தான்.)

இந்த எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே இணையப் பாடத்தைக் கொடுத்தால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பயன்படுமா? இதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். தமிழ்நாட்டில் கடந்த கால் நூற்றாண்டில் அந்தச் சோதனை மூன்று கட்டங்களைக் கடந்திருக்கிறது.

முதலில், எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் வந்தது. தமிழாசிரியருக்கு இவை புதையல்தான். ஆனால் உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திருக்குறள் கூட வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். திஸ்கி, டாம், டாப் என்று பல குறியீட்டு முறைகள் இருந்த காலம் அது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இந்தச் சிக்கல் மெல்ல மெல்லத் தீர்ந்தது.

அடுத்து, பாடத்திட்டத்துக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி. இணையத்தில் நல்ல காணொளிகள் எத்தனையோ உண்டு. அவை ஏழாம் வகுப்புக்கா, பத்தாம் வகுப்புக்கா என்று தேடிப் பிரிப்பது ஆசிரியர் தலையில் விழுந்தது. 2018-ல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிடப்பட்டது. கைப்பேசியில் தீக்‌ஷா செயலி வழியாக அதைப் படமெடுத்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். தேடும் வேலை பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது கேள்வி, எட்டுமா என்பது. இதில்தான் மலை குறுக்கே நிற்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பாதை இது. கைப்பேசிக் கோபுரத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு முகடு இருந்தால் போதும், அலைவரிசை கிடைக்காது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வி மாநிலம் முழுவதற்கும் வந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. தொலைக்காட்சி இல்லாத வீட்டில், கைப்பேசியோடு அப்பா வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பாடம் எப்படிப் போய்ச் சேரும்? 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாத் திரைகளுக்கும் பிறகு மறுபடி ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. கருவியின் விலை அரசின் வரவு செலவுக் கணக்கில் வரும். ஆனால் 40 நிமிடப் பாடவேளையில் காணொளி சுற்றிக்கொண்டே நின்று 10 நிமிடம் போனால், அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அதைப் பார்ப்பவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் ஒருவர்தான். அதனால்தான் விவரம் தெரிந்த ஆசிரியர் பாடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்கிறார். மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வைக்கிறார்.

ஒரு பாடம் நல்லதா என்பதைச் சென்னையில் இருந்து சொல்லிவிடலாம். அது ஏற்காட்டு மலைச் சிற்றூரில் உள்ள இந்த வகுப்புக்கு நல்லதா என்பதை அந்த வகுப்பின் ஆசிரியர்தான் சொல்ல முடியும். அடுத்த திட்டம் தீட்டும்போது முதலில் அவரைக் கேட்டால் என்ன?