68–66: ஸ்கோர் ஷீட்டில் இடம் இல்லாதவர்கள்

நவம்பர் 1-ன்னா என்னன்னு புதுச்சேரிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதலை நாள், லீவு, கடற்கரைச் சாலையில் கொடியேற்றம். 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய தேதி அது. அதே தேதிக்கு பேஸ்கட்பால் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அதற்கு எட்டு வருஷம் முன்னாடி, 1946 நவம்பர் 1 அன்று, இன்று நாம் என்பிஏ என்று சொல்கிற லீகின் முதல் ஆட்டம் நடந்தது. இந்த எபிசோடு அந்த ஆட்டத்தின் ஸ்கோர் கணக்கைப் பற்றி.

லீக் அமெரிக்காவுடையது. ஆனா முதல் ஆட்டம் நடந்தது கனடாவில், டொராண்டோ நகரத்தில், ஐஸ் ஹாக்கிக்குப் பேர்போன மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில். உள்ளூர் அணி டொராண்டோ ஹஸ்கீஸ். எதிரே நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ், அதாவது இன்றைய நிக்ஸ். ஹஸ்கீஸ் வீரர் ஜார்ஜ் நாஸ்ட்ராண்ட் ஆறடி எட்டு அங்குலம். அவரைவிட உயரமானவங்களுக்கு டிக்கெட் இலவசம்னு விளம்பரம் கொடுத்தாங்க. 7,090 பேர் வந்தார்கள்.

நிக்ஸ் 68, ஹஸ்கீஸ் 66. இரண்டே புள்ளி வித்தியாசம்.

இப்போ வீரர்களின் கணக்கைப் பார்ப்போம். ஹஸ்கீஸின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான எட் சடோவ்ஸ்கி 18 புள்ளி. அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம். நாஸ்ட்ராண்ட் 16. நிக்ஸ் பக்கம் லியோ காட்லீப் 14, ஒசி ஷெக்ட்மன் 11. இதை மட்டும் படிச்சா, சடோவ்ஸ்கிதான் அன்றைய ஹீரோன்னு தோணும். ஆனால் அவர் பெயருக்கு நேரே இன்னொரு எண் இருக்கிறது: ஃபவுல் 5. அந்த சீசனில் ஐந்து ஃபவுல் என்றால் வெளியே போக வேண்டியதுதான். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு புள்ளி அடிச்சவர் கடைசி நேரத்துல கோர்ட்டிலேயே இல்லை!

அடுத்து ஷெக்ட்மனின் 11. அந்தப் பதினொன்றில் முதல் இரண்டு, அந்த ஆட்டத்தின் முதல் கூடை. அதாவது என்பிஏ வரலாற்றின் முதல் கூடை. ஆனால் ஸ்கோர் பட்டியலில் அது தெரியாது. "முதலில் அடித்தது யார்" என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. ஷெக்ட்மன் அந்த லீகில் ஆடியது அந்த ஒரே ஒரு சீசன்தான். அந்தக் கூடை இல்லைன்னா இன்னைக்கு அவர் பேரை நாம பேசிட்டு இருக்க மாட்டோம்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரு ஸ்கோர் ஷீட், தனக்குள் எதற்கெல்லாம் கட்டம் போட்டிருக்கிறதோ அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

அந்த லீகில் ரீபவுண்டை எண்ண ஆரம்பித்ததே 1950–51 சீசனில்தான். பிளாக், ஸ்டீல் இரண்டையும் எண்ணியது 1973–74-ல். இதில் பெரிய நஷ்டம் பில் ரஸ்ஸலுக்கு. எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிடுவதையே ஒரு கலையாக மாற்றியவர் அவர். 13 சீசனில் 11 முறை சாம்பியன். 1969-ல் ஓய்வு பெற்றார். அதனால் அதிகாரபூர்வக் கணக்கில் அவருக்கு ஒரு பிளாக்கூட கிடையாது. அவர் தடுக்காம இல்லை, எண்ணத்தான் ஆள் இல்லை.

சரி, எண்ணி என்ன ஆகப்போகுதுன்னு கேட்கலாம். 1950 நவம்பர் 22 அன்று ஒரு ஆட்டம் 19–18 என்று முடிந்தது. ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் 19, மினியாபோலிஸ் லேக்கர்ஸ் 18. லேக்கர்ஸின் பதினெட்டில் பதினைந்து ஜார்ஜ் மைக்கன் ஒருவர் அடித்தது. அவரிடம் பந்து போகக் கூடாதென்று பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். பார்க்க வந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன். விறுவிறுப்பாக இருந்த ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டை எடுத்தார். ஒவ்வொரு அணியும் சுமார் 60 ஷாட், மொத்தம் 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. வகுத்தால் 24. இன்றும் கூடைக்கு மேலே ஓடுகிற அந்த 24 விநாடிக் கடிகாரம் அப்படித்தான் பிறந்தது. 1954 அக்டோபர் 30-ல் அது அமலுக்கு வந்தது. ஒரு அணியின் சராசரி ஸ்கோர் ஒரே சீசனில் 79.5-லிருந்து 93.1-க்கு ஏறியது. யாரோ ஒருத்தர் ஷாட்டை எண்ணி எழுதி வெச்சதால வந்த மாற்றம் அது.

அதற்கு 12 நாள் முன்பு, அக்டோபர் 18 அன்று, நம்ம ஊர்லயும் ஒரு ஸ்கோர் எழுதப்பட்டது. கீழூர் வாக்கெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவுடன் இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8. பள்ளிப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்வது இந்த எண்ணைத்தான். 1936 ஜூலை 30-ல் மில் வேலைநிறுத்தத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்ட 12 தொழிலாளர்கள் அந்த 178-க்குள் வர மாட்டார்கள். முடிவை எழுதும் தாளில், முடிவு வரை கொண்டுவந்தவர்களுக்குக் கட்டம் இருப்பதில்லை.

மறுபடி கோர்ட்டுக்கு வருவோம். இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்த சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் பற்றிய செய்திகள் சொல்வதெல்லாம் பதக்கங்களின் எண்ணிக்கையைத்தான். எந்த ஆட்டத்தில் எத்தனை ரீபவுண்ட், எத்தனை அசிஸ்ட் என்று நம்மில் யாரும் பேசுவதில்லை.

சமீபத்தில் இங்கே ஒரு காலேஜ் டோர்னமெண்ட்டில் ஸ்கோர் டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சர்வதேசக் கூட்டமைப்பின் வழக்கமான ஸ்கோர் ஷீட்தான். புள்ளி இருக்கு, ஃபவுல் இருக்கு, டைம்-அவுட் இருக்கு. ரீபவுண்டுக்கு இடம் இல்லை, அசிஸ்ட்டுக்கு இடம் இல்லை. ஒரு பொண்ணு ஆட்டம் முழுக்க கூடைக்குக் கீழே முட்டி மோதி பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் தாளில் அவள் கணக்கில் இருந்தது: புள்ளி 2, ஃபவுல் 4. அடுத்த செலக்‌ஷனுக்கு அந்தத் தாள்தான் போகும்னா, அவளைப் பத்தி அது என்ன சொல்லும்?

பெரிய லீகில் கேமராவும் கம்ப்யூட்டரும் எண்ணிக்கொள்ளும். நம்ம ஊர் கோர்ட்டில் எண்ண வேண்டியது நாமதான். அடுத்த தடவை ஃப்ரெண்டோட மேட்ச் பார்க்கப் போறப்போ ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துட்டுப் போங்க. ரெண்டே ரெண்டு கட்டம் போடுங்க: ரீபவுண்ட், அசிஸ்ட். தேதியும் பேரும் எழுதுங்க. ஆட்டம் முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்து ஆடினவங்களுக்கே அனுப்பிடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.