யாழும் கணிதமும்

மட்டக்களப்பு வாவியின் அருகே, கல்லடி உப்போடையில், 1929ஆம் ஆண்டிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகளைத் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் அறிவோர் பலர். 1892இல் காரைதீவிற் பிறந்த அப்பெரியார், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே. அவருடைய ‘யாழ் நூல்’ இவ்விரு கல்வியும் கூடிப் பெற்ற பிள்ளையாகும்.

பண்டை யாழ் வழக்கொழிந்து போயிற்று; பார்த்துச் செய்தற்குக் கருவி எஞ்சவில்லை. எஞ்சியவை சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும், உரைகாரர் குறிப்புக்களும், சில எண்களுமே. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. ஆக 22 மாத்திரை. இவ்வெண்களை அடிகளார் நரம்புகளின் விகிதங்களாக விரித்தார். நரம்பின் நீளம் பாதியானால் அதிர்வு இருமடங்காகும். மூன்றில் இரண்டானால் இளி பிறக்கும். இளிக்கு இளியாகப் பன்னிருமுறை ஏறினால், ஏழு தானங் கடந்து, தொடங்கிய குரலையே அடைதல் வேண்டும். கணக்கோ அவ்வாறு முடிவதில்லை. பன்னிரண்டு மூன்றுகளைப் பெருக்க 531441 வரும். அவ்வேற்றத்துக்கும் ஏழு தானங்களுக்கும் உரிய பத்தொன்பது இரண்டுகளைப் பெருக்க 524288 வரும். இவ்வெச்சத்தை எங்கே ஒதுக்குவது? தச்சன் உளியெடுக்குமுன் தீர்க்கவேண்டிய வினா இது.

அடிகளார் யாழாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அக்காலத்திலேயே, 1937இல், அமெரிக்க மாணவர் குளோட் ஷனன், ஜோர்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட தருக்கக் கணிதத்தை மின்சுற்றுக்களுக்குப் பொருத்தினார். ‘க’வும் ‘ச’வும் மூடினும், ‘க’வும் ‘த’வும் மூடினும் விளக்கு எரியவேண்டுமெனில் நான்கு ஆளிகள் வேண்டும் எனத் தோன்றும். பொதுவான ‘க’வை வெளியே எடுத்தால் மூன்றே போதும். கம்பியைத் தொடாமல், தாளிலேயே ஓர் ஆளி மிச்சமாயிற்று! இன்றைய கணினியின் சுற்றமைப்பு இவ்வழியில் வளர்ந்ததே.

எனினும், கணிதம் தனக்கு இட்டதையன்றிப் பிறிதொன்றையும் உறுதிசெய்யாது. பிழையான தேவையை இலக்காகக் கொண்டமைத்த சுற்று, பிழையற இயங்கியும் பயன்படாது. யாழ் நூலின் விகிதங்கள் தம்முள் இசைந்து நிற்பது உண்மை. சங்ககாலப் பாணன் அவ்வாறே நரம்பு கட்டினான் என்பதற்கு அதுமட்டும் சான்றாகாது. பண்களைப் பற்றிய முடிபுகள் சிலவற்றைப் பின்வந்த இசையறிஞர் மறுத்தமைக்கும் இவ்விடைவெளியே இடந்தந்தது. அடிகளார் தாளோடு நின்றாரல்லர். 1947 ஜூனில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியபோது, அவர் கணித்தமைத்த கருவிகளும் அவையிலே ஒலித்தன. அடுத்த திங்கள் 19ஆம் நாள் அவர் மறைந்தார். மறுப்புக்கு மறுமொழி கூறும் பணி அவருக்குப் பின்வந்தோரைச் சார்ந்தது.