சோதித்த பனியும் கேட்கப்படாத ஏழு பேரும்

எவரெஸ்ட் என்றால் எங்களில் பலருக்கும் உடனே ஞாபகம் வருவது 1953, ஹிலரி, டென்சிங். அந்த வெற்றிக்கு 31 வருடங்களுக்கு முதல், அதே மலையின் திபெத் பக்கத்தில், ஏழு பேர் பனிச்சரிவில் அள்ளுண்டு போனார்கள். அந்த மலையின் மீது பதிவான முதல் மரணங்கள் அவை. ஏழு பேரும் சுமை தூக்க வந்தவர்கள். அந்தச் சாய்வில் ஏறலாம் என்று முடிவெடுத்த மூன்று வெள்ளைக்காரரும் உயிரோடு திரும்பினார்கள்.

இந்தக் கதையை வழமையாக இரண்டு விதமாகச் சொல்லுவினம். ஒன்று, மலை என்றால் அப்படித்தான், விதி. மற்றது, ஜோர்ஜ் மலோரியின் கவலையீனம். நாங்கள் இரண்டையும் ஏற்கவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அவர்கள் ஆபத்தை யோசிக்காமல் போகவில்லை. யோசித்தார்கள், காத்திருந்தார்கள், பனியைச் சோதித்தும் பார்த்தார்கள். சோதனையில் பனி பாஸ். பிறகும் ஏன் ஏழு பேர் செத்தார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, நடந்தது என்ன?

1922ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குழு, ஜெனரல் சார்ள்ஸ் புரூஸ் தலைமையில், மே மாதத்திலேயே இரண்டு தரம் உச்சிக்கு முயன்றுவிட்டது. மலோரி, சமர்வெல், நோர்ட்டன் மூவரும் ஒட்சிசன் இல்லாமல் ஏறத்தாழ 8,200 மீற்றர் வரை போனார்கள். சில நாட்களில் ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூஸும் ஒட்சிசனோடு 8,300 மீற்றரைத் தொட்டார்கள். அதுவரை எந்த மனிதரும் ஏறியிராத உயரம் அது. அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் பருவமழை வருவதற்கு இடையில் இன்னொரு முயற்சிக்கு நாள் இருக்கிறது என்று நினைத்தார்கள்.

ஜூன் தொடக்கத்தில் மூன்றாவது முயற்சிக்கு வெளிக்கிட்டார்கள். வெளிக்கிட்ட கையோடு பனி கொட்டத் தொடங்கியது. பிறகு வானம் வெளித்தது. ஒரு நாள் வெயிலில் புதுப்பனி இறுகிவிடும் என்று காத்திருந்தார்கள். ஜூன் 7ஆம் திகதி காலை, மலோரி, சமர்வெல், குரோஃபர்ட் ஆகிய மூவரும் 14 சுமைகாரரும் நோர்த் கோல் என்ற கணவாய்க்குப் போகும் சாய்வில் ஏறத் தொடங்கினார்கள். நான்கு கயிறுகளில் 17 பேர்.

சாய்வின் அடியில் செங்குத்தான ஒரு பகுதி வந்தது. பனி சரிவதென்றால் இங்கேதான் சரியும் என்று மலோரி நினைத்தார். வேண்டுமென்றே பனியை வெட்டி, மிதித்து, கீழே விழுத்தப் பார்த்தார்கள். அது அசையவில்லை. செங்குத்தான இடமே தாங்குகிறது, மேலே இதைவிடச் சாய்வு குறைவு, ஆகவே பயமில்லை என்பது அவர்களின் கணக்கு. மேலே போகப் போகப் பனி முழங்கால் வரை வந்தது. பிற்பகல் இரண்டு மணியளவில், கணவாய்க்கு ஏறத்தாழ 200 மீற்றர் கீழே, ஒரு சத்தம் கேட்டது. சாய்வு முழுவதும் நகரத் தொடங்கியது.

முன் கயிற்றில் இருந்த மூன்று பிரித்தானியரும் ஒரு சுமைகாரரும் கொஞ்சத் தூரம் இழுபட்டு, பனியிலிருந்து வெளியே வந்தார்கள். அடுத்த கயிற்றில் வந்தவர்களும் தப்பினார்கள். பின்னால் வந்த இரண்டு கயிறுகளிலும் ஒன்பது பேர். அவர்களைப் பனி ஒரு பனிக்கட்டிச் சுவரின் விளிம்பால் தள்ளி, கீழே இருந்த பிளவுக்குள் கொட்டிவிட்டது. தோண்டித் தோண்டி இரண்டு பேரை உயிரோடு எடுக்க முடிந்தது. மற்ற ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

இன்றைக்குப் பனிச்சரிவைப் படிக்கிறவர்களிடம் இந்தக் கதையைக் கொடுத்தால், அவர்கள் முதலில் அந்தச் சோதனையில் கை வைப்பார்கள். பனி என்பது ஒரே பொருள் இல்லை. ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு படையாகப் படிகிறது. மேலே இறுகிய படை பலகை மாதிரி இருக்க, அதன் கீழே ஒட்டாத பலவீனமான படை ஒன்று ஒளிந்திருக்கலாம். ஆள் ஒருவரின் பாரம் அந்தப் பலவீனமான படையை ஓர் இடத்தில் உடைத்தால் போதும், உடைவு பக்கவாட்டில் ஓடி, பலகை முழுவதும் ஒன்றாக இறங்கும். ஆட்களைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த வகை. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளிலேயே இவை கூடுதலாக நடக்கின்றன. பத்து மீற்றர் தள்ளினால் படைகளின் கதையே வேறாக இருக்கலாம். கீழே ஓர் இடம் தாங்கியது என்பது அந்த இடத்தைப் பற்றிய தகவல் மட்டும்தான்.

இந்த அறிவு மெல்லமெல்லத்தான் வந்தது. எங்கட சொந்தபந்தங்கள் நிறையப் பேர் வாழ்கிற சுவிஸில், டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில் 1936இல் ஆய்வாளர்கள் பனியை அறிவியலாகப் படிக்கத் தொடங்கினார்கள். 1945இல் இருந்து அங்கே பனிச்சரிவு அறிக்கை வெளிவருகிறது. 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து படிநிலைகள் கொண்ட ஒரே ஆபத்து அளவுகோலுக்கு வந்தன. கவனிக்க வேண்டிய விசயம், மலையேறிகளும் பனிச்சறுக்குக்காரரும் கூடுதலாகச் சாவது ஐந்தாம் நிலையில் இல்லை. அந்த நாட்களில் ஒருவரும் போகமாட்டார்கள். நடுவில் இருக்கிற மூன்றாம் நிலைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. போகலாம் போலவும் இருக்கும், கூடாது போலவும் இருக்கும்.

வசந்தகாலம் இதற்கு நேரத்தையும் சேர்த்துவிடுகிறது. இரவு வானம் வெளித்திருந்தால் பனியின் மேற்பரப்பு உறைந்து கல்லாகும். விடியப்புறம் அதில் நடக்கலாம். வெயில் ஏற ஏற உருகிய நீர் உள்ளே இறங்கி, பனியின் பிணைப்புகளைக் கரைக்கும். காலையில் கிழக்குப் பார்த்த சாய்வு, பிறகு தெற்கு, பின்னேரம் மேற்கு என்று ஆபத்து சூரியனோடு சேர்ந்து சுற்றும். இரவு முகில் மூடியிருந்தால் உறைவே சரியாக நடக்காது. ஆகவே வசந்தத்தில் மலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே சில கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். கடைசியாகப் பனி எப்போது, எவ்வளவு விழுந்தது? காற்று எந்தப் பக்கம் அள்ளிக் குவித்தது? இரவு உறைந்ததா? எங்கள் பாதை எந்தத் திசையைப் பார்த்த சாய்வில் போகிறது? எத்தனை மணிக்கு அதைவிட்டு இறங்கியிருப்போம்? 1922 குழு முதல் கேள்வியிலேயே நின்றிருக்க வேண்டும். புதுப்பனி கொட்டி ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. குழுவின் வைத்தியரும் இமயமலை அனுபவசாலியுமான லோங்ஸ்டாஃப், புதுப்பனிக்குப் பிறகு அந்தச் சாய்வில் போனதை மடத்தனம் என்றே கருதினார்.

ஆனால் பனியைப் பற்றிய அறிவு மட்டும் போதாது என்பதும் பிறகு தெரியவந்தது. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர், 1990களில் பரவலான தன் முறையில், பனி நிலைமை, நிலத்தின் அமைப்பு என்பவற்றோடு மனிதரையும் மூன்றாவது காரணியாக வைத்தார். அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கமன், 1972 தொடக்கம் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளைப் படித்து, ஆறு மனப்பொறிகளை அடையாளம் காட்டினார். பழகிய இடம் என்ற தைரியம். எடுத்த முடிவை மாற்ற மனம் வராமை. மற்றவர் முன்னால் மதிப்புப் பெற ஆசை. 'அவருக்குத் தெரியும்தானே' என்று ஒருவரை நம்புவது. மற்றவர் போவதைப் பார்த்துத் தானும் போவது. இப்ப விட்டால் கிடைக்காது என்ற அந்தரம்.

இந்தப் பட்டியலை 1922க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சாய்வில் அவர்கள் முன்பே ஏறி இறங்கியிருந்தார்கள். பருவமழை நெருங்கிக்கொண்டிருந்தது. பின்வாங்கினால் ஒரு வருடத்து உழைப்பு முடிந்தது. மலோரி போன்ற ஒருவர் முன்னால் நிற்கிறார். பனியின் படை எதையும் தோண்டிப் பார்க்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

எங்களுக்கு இதிலும் ஒரு போதாமை தெரிகிறது. இந்த மனப்பொறிகள் எல்லாம் தெரிவு செய்யக்கூடிய ஆட்களைப் பற்றியவை. கயிற்றின் பின்பக்கம் இருந்த ஒன்பது பேருக்கு என்ன தெரிவு இருந்தது? அந்தக் காலத்து எழுத்துகளில் அவர்களுக்குப் பெயர் 'கூலிகள்'. அந்தச் சொல்லின் பாரத்தை மலையகத்து வாசகருக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பனியைச் சோதித்தவர்களும் தீர்ப்புச் சொன்னவர்களும் மூன்று பேர். அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு ஏறினவர்கள் 14 பேர்.

மலோரியைக் கொடியவராகக் காட்டுவது எங்கள் நோக்கமில்லை. முதல் கயிற்றில் அவரும்தான் இருந்தார். அந்தச் சாவுகளுக்குத் தானே பொறுப்பு என்று கடிதங்களில் எழுதினார். 1924இல் அதே மலையில் காணாமற்போனார். சமர்வெல் இன்னும் வெளிப்படையாக எழுதினார். செத்தவர்களில் தங்கள் மூவரில் ஒருவராவது இருந்திருக்கக் கூடாதா, அப்படியிருந்தால் தாங்களும் அந்த இழப்பில் பங்காளிகள் என்று உயிர்தப்பியவர்கள் உணர்ந்திருப்பார்களே என்று வருந்தினார்.

இந்தச் சமர்வெல் தமிழரின் வரலாற்றுக்குள்ளும் வருகிறார். அவர் அறுவைச் சிகிச்சை வைத்தியர். 1922 பயணம் முடிந்த பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் போனவர், அப்போது தென் திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற நெய்யூரில் லண்டன் மிசன் ஆஸ்பத்திரியைக் கண்டார். வைத்தியருக்காகக் காத்திருந்த நோயாளிகளின் கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்து பல வருடங்கள் வேலை செய்தார். பிறகு வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் இருந்தார். பனிச்சரிவின் குற்றவுணர்வுதான் அவரை அங்கே கொண்டுவந்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். ஆனால் அவர் சொன்ன காரணம் நோயாளிகள். நாங்கள் அதோடு நிற்கிறோம்.

1924இல் பிரான்சின் ஷமோனியில் நடந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக்கில், 1922 குழுவுக்கு மலையேற்றத்துக்கான பதக்கம் கொடுத்தார்கள். இறந்த ஏழு பேருக்கும் சேர்த்துத்தான். பதக்கம் வந்தது, முடிவெடுக்கும் இடத்தில் ஓர் இருக்கை வரவில்லை.

அதற்கு 90 வருடங்களுக்கு மேல் எடுத்தது. 2014 ஏப்ரல் 18, வசந்தகாலப் பருவத்தில், எவரெஸ்டின் நேபாளப் பக்கத்தில் கும்பு பனிவீழ்ச்சிக்கு மேலே தொங்கிய பனிக்கட்டித் திரள் உடைந்து விழுந்து 16 நேபாளத் தொழிலாளர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஷெர்பாக்கள். அரசாங்கம் முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கோபப்பட்டார்கள். கூட்டம் கூடினார்கள், கோரிக்கைகள் வைத்தார்கள். இந்த வருடம் ஏறமாட்டோம் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். கோடிக்கணக்கான பணம் புழங்கும் பருவம் அந்தப் பக்கத்தில் கிட்டத்தட்ட அதோடு முடிந்தது.

நாங்கள் அதையும் ஓர் ஆபத்துக் கணிப்பாகவே வாசிக்கிறோம். 1922இல் பனியைச் சோதித்தார்கள், ஆனால் கயிற்றின் பின்பக்கம் இருந்தவரிடம் 'போகலாமா?' என்று கேட்கவில்லை. 2014இல் ஒருவரும் கேட்காமலே அவர்கள் பதில் சொன்னார்கள்.