இசைக்குறி வாசிப்புப் பயிற்சி (நாஞ்சில் நாடு)

இசைக்குறியைப் பார்த்த மாத்திரத்தில், ஒத்திகையின்றிப் பாடவும் கருவியில் வாசிக்கவும் மாணவரைப் பழக்கும் முறை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குக் கோயிலிசை, திருச்சபை என இரு ஊற்றுகள்.

கோயிலிசை மரபில் செவிக்கே முதலிடம். நாகசுரமோ வயலினோ பயில வருபவருக்கும் முதற்பாடம் வாய்ப்பாட்டு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரங்களை மூன்று காலங்களிலும் தாளம் பிசகாமல் பாடிய பிறகே கருவி கைக்கு வரும். செவிவழிக் கற்றலுக்கு ஒரு சான்று: வடிவீசுவரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவனின் பாடல்களைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பஜனைகளில் கேட்டே உள்வாங்கினார்.

இரண்டாவது ஊற்று திருச்சபை. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். 1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலை மையமாக்கினார். இருவரையும் அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். அதன் பெரும்பான்மையினர் சார்ந்த காங்கிரிகேஷனல் சபையின் போதகரே ஜான் கர்வென். நார்விச்சில் சாரா குளோவர் வகுத்த முறையைச் செப்பனிட்டு டானிக் சோல்ஃபா ஆக்கியவர் அவர். இம்முறையில் 'டோ' என்பது நம் ஆதார சட்சம் போல எந்தச் சுருதியிலும் அமரும். ஆசிரியர் சுர ஏணிப் படத்தில் கோலால் தொட்டுக் காட்ட, வகுப்பு பாடும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைமுத்திரை. தாள அளவுக்கு 'டா', 'டாடே' போன்ற சொற்கட்டுகள். இடைவெளியைக் குரல் அறிந்த பிறகே கண் ஐங்கோட்டுக் குறிக்குப் போகும். மடகாஸ்கரில் இந்தச் சங்கத்தின் மிஷனரிகள் இம்முறையையே பரப்பினர். ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாய் இதைப் பள்ளிக் கல்வியாக்கினார். பாடகர் குழுவுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.

1890களில் நாகர்கோவிலில் மருத்துவப் பணி தொடங்கிய இரட்சணிய சேனைக்கு உலகெங்கும் பித்தளை வாத்தியக் குழுவே அடையாளம். அம்மரபில் கார்னெட் முதல் பெருங்குழல்வரை ஏறத்தாழ எல்லாக் கருவிகளுக்கும் ஒரே டிரெபிள் குறியில் எழுதுவர். ஒரு கருவியின் விரலமைப்பைக் கற்ற சிறுவன் இன்னொன்றுக்கு எளிதில் மாறலாம்.

ஐங்கோட்டுக் குறி கமகத்தைக் காட்டாது என்பர். வெறும் சுர எழுத்துக்கும் அக்குறை உண்டு. எட்டயபுரத்தில் 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்குத் தனிக் குறிகள் அமைத்து அதைத் தீர்த்தது.

இன்று கீபோர்டு, வயலின் பயிலும் பிள்ளைகள் பலர் லண்டன் வாரியங்களின் நிலைத் தேர்வுகளுக்குப் படிக்கின்றனர். தேர்வுப் பாடல்களை மட்டும் விரலுக்கு மனப்பாடமாக்கும் பழக்கம் வாசிப்பைக் கெடுக்கிறது. அவ்வாரியங்களுள் ஒன்றான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் நேர்முகச் செய்முறைத் தேர்வில் பார்த்து வாசித்தலுக்கு 150க்கு 21 மதிப்பெண். பார்வையிட அரை நிமிடம் தரப்படும்.