கோவில்பட்டியும் கோப்பையும்

தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியை வெளியூர்க்காரர்கள் கடலை மிட்டாயாலும் தீப்பெட்டியாலும் பஞ்சாலையாலும் அறிவார்கள். விளையாட்டு வட்டாரத்தில் மட்டும் அது ஹாக்கி ஊர். அங்கு அந்த ஆட்டம் வேர் பிடித்ததில் லீக்கைவிடக் கோப்பைக்குத்தான் பங்கு அதிகம். கோப்பையை வெல்வது பெரிதா, லீக்கில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்புவது பெரிதா என்று உலகமெங்கும் கால்பந்து ரசிகர்கள் ஓயாமல் வழக்காடுகிறார்கள். அதே வழக்கு கோவில்பட்டியின் கரிசல் காட்டில் வேறொரு உருவில் நடந்து வந்திருக்கிறது.

கரிசல் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். உளுந்தும் பாசிப்பயறும் தை வாக்கில் வீடு வந்துவிடும். சோளமும் கம்பும் அடுத்து வரும். பருத்தி எடுப்பு பங்குனி, சித்திரைக்குள் ஓயும். பின்பு நிலம் வெடித்துக் கிடக்கும். கையில் கொஞ்சம் காசும், நாளில் கொஞ்சம் ஓய்வும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையும் ஒன்றாகச் சேர்வது அந்தக் கோடையில்தான். கோவில் கொடையும் டோர்னமெண்டும் அப்போதே வருகின்றன. ஆண்டு முழுவதும் வாரம் தவறாமல் ஆட வேண்டிய லீக்குக்கு நிலையான அணிகளும் மைதானமும் பணமும் வேண்டும். பத்து நாளில் முடியும் நாக்-அவுட் போட்டிக்கு ஒரு புரவலரும் ஒரு மைதானமும் இருந்தால் போதும். ஒரே மழையை நம்பிய ஊருக்கு இரண்டாவதே தோதாக இருந்ததில் வியப்பில்லை.

மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. மழையில் கரிசல் காலைப் பிடித்து இழுக்கும். வெயிலில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பந்து தரையோடு உருள வேண்டிய ஹாக்கிக்கு இதைவிடப் பகையான தரை இல்லை. சரளும் செம்மண்ணும் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிக் கெட்டித்தால்தான் ஆடுகளம் கிடைக்கும். அப்படிப்பட்ட மைதானம் தனியாள் உண்டாக்குவது அல்ல. ஒரு பள்ளியோ ஆலையோ அரசோ பின்னால் நிற்க வேண்டும். 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையமும், பஞ்சாலைகளும், பின்னாளில் தீப்பெட்டி ஆலைகளும் கொண்ட கோவில்பட்டியில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. சுற்றியுள்ள சம்சாரி (விவசாயி) ஊர்களை விட்டுவிட்டு நகரத்தில் மட்டும் ஹாக்கி ஏன் ஊன்றியது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

இந்தியா முழுவதுமே கோப்பை நாடாகத்தான் இருந்தது. சிம்லாவில் 1888இல் டூராண்ட் கோப்பை, பம்பாயில் 1891இல் ரோவர்ஸ் கோப்பை, கல்கத்தாவில் 1893இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு எனக் கால்பந்தும், 1895இல் பெய்டன் கோப்பையோடு ஹாக்கியும் வரிசையாகத் தொடங்கின. சென்னையின் எம்.சி.சி. ஹாக்கிப் போட்டி 1901இல் பிறந்தது. இன்று முருகப்பா தங்கக் கோப்பை என்று அறியப்படுவது அதுதான். கல்கத்தாவிலும் சென்னையிலும் உள்ளூர் லீக்குகள் இருந்தன. ஆனால் மக்கள் நினைவில் தங்கியது கோப்பைகளே. 1911இல் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வீழ்த்தி வென்றது ஷீல்டை. அந்த ஆண்டு லீக்கில் யார் எந்த இடம் என்று கேட்டால் சொல்ல ஆள் தேட வேண்டும். நாடு தழுவிய கால்பந்து லீக் 1996இல்தான் வந்தது. அதாவது கோப்பைகள் வந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. எஃப்.ஏ. கோப்பை 1871இல் தொடங்கியது. லீக் 1888இல் வந்தது. 1892இல் இரண்டாம் பிரிவும், 1898இல் தானாகவே ஏறி இறங்கும் விதியும் சேர்ந்தன. மேல்பிரிவில் இருப்பதற்கே கோடிகள் கிடைக்கத் தொடங்கியதும் இறங்காமல் தப்புவது ஒரு தனி இலக்காகியது. 2013இல் விகன் அத்லெடிக், மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது, மூன்றே நாளில் ஆர்சனலிடம் 1-4 எனத் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்குப் போனது. விகனும் பஞ்சாலையும் நிலக்கரியும் வளர்த்த ஊர். எட்டு ஆண்டு மேல்பிரிவு வாழ்வு முடிந்தது. 2020இல் கிளப் நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. ஆனாலும் கோப்பை வென்ற அந்த ஒரு மாலையை விற்க அந்த ஊர் ரசிகர்களில் பலர் சம்மதிப்பார்கள் என்று நினைக்க இடமில்லை.

இந்தியாவில் இதைவிடக் கூர்மையான வழக்கு ஒன்று உண்டு. 1891இல் தோன்றிய கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு கல்கத்தா லீக்கை வென்ற அணி. 1940இல் டூராண்டை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணியும் அதுவே. 2013 செப்டம்பரில் 73 ஆண்டுகளுக்குப் பிறகு அது மறுபடி டூராண்டை வென்றது. சில மாதங்களில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் வந்தது. அதே பருவத்தில், அன்று நாட்டின் மேல்பிரிவாக இருந்த ஐ-லீக்கில் கடைசி இடம், கீழ்ப்பிரிவு. அந்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பை வென்ற சர்ச்சில் பிரதர்ஸும் லீக் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. இரண்டு கோப்பைகளோடு கீழே போன முகமதனுக்கு அடுத்த பருவத்திலேயே பணம் வற்றி, அணியை நிறுத்தும் நிலை வந்தது. கோப்பை வந்தும் அணியைக் காக்கவில்லை. 2023-24இல், அதற்குள் இரண்டாம் நிலையாகிவிட்ட ஐ-லீக்கை வென்று அந்தக் கிளப் மேல்நிலை லீக்கான ஐ.எஸ்.எல்.-க்கு ஏறியது, 2024-25இல் அங்கும் கடைசி இடம்தான், ஆனால் அந்த லீக்கில் அப்போது இறக்கம் இல்லாததால் இருந்த இடத்திலேயே இருந்தது. விதி எப்படியோ அப்படியே ரசிகர்களின் பயமும்.

கோவில்பட்டிக்கு இந்த இக்கட்டு வரவில்லை. இறங்குவதற்கு ஏணியே இல்லை. இந்திய ஹாக்கியில் ஏறி இறங்கும் லீக்கைப் பெரிய அளவில் முயன்றது 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக். இரண்டு அடுக்கு, மேலே போகவும் கீழே வரவும் வழி, சென்னை வீரன்ஸ் என்றொரு அணி எல்லாம் இருந்தன. 2008க்குப் பின் அது நின்றது. 2013இல் வந்த ஹாக்கி இந்தியா லீக்கில் ஏலம் எடுத்த அணிகள் ஆடின, இறக்கம் இல்லை. கோவில்பட்டிப் பையன்களுக்கு ஏணி வேறு இடத்தில் இருந்தது: பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி, அதற்குப் பிறகு வேலை. ரயில்வே, வங்கி, வருமானவரி, சுங்கம், காவல்துறை என விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் பணியே அங்கு உண்மையான பரிசு. அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு வைத்திருக்கும் ஒதுக்கீடு 3 சதவீதம். மானாவாரிச் சம்சாரி வீட்டில் ஒரு மாதச் சம்பளம் என்பதன் எடை, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் எந்த வெள்ளிக் கோப்பைக்கும் இல்லை.

அந்த ஏணியை நிலைநிறுத்தியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியில் நடத்தும் சிறப்பு விளையாட்டு விடுதி. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து தேர்வாகும் பிள்ளைகள் இங்கு தங்கி, படித்து, காலையும் மாலையும் மட்டை பிடிக்கிறார்கள். ஒலிம்பிக் ஹாக்கி 1976இல் மாண்ட்ரியலில் செயற்கைத் தரைக்கு மாறியது. கோவில்பட்டியில் செயற்கை இழை மைதானம் வர அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டு பிடித்தது. அதுவரை சரளில் பழகியவர்கள் பெரிய போட்டிக்குப் போனதும் வேறொரு ஆட்டத்தை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. சரளில் பந்து எகிறும். செயற்கைத் தரையில் வழுக்கிப் பாயும். திறமைக்குப் பஞ்சமில்லாத ஊர் இந்திய அணியில் இடம் பெறத் தாமதமானதற்கு இந்தத் தரை இடைவெளியை ஒரு காரணமாகச் சொல்வது மிகையாகாது.

2022இல் போபாலில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு இறுதிவரை போய் ஹரியானாவிடம் தோற்றது. அடுத்த மாதமே ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் களமிறங்கினர். மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கார்த்தி அரியலூர், ஆட்டம் கற்றது கோவில்பட்டி விடுதியில். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலம் பெற்றது. போபாலில் தமிழ்நாட்டுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் அங்கு ஆடியதே இருவரையும் தேர்வாளர் கண்ணில் படவைத்தது.

ஊரின் சொந்தக் கோப்பை லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை. கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் இந்த அகில இந்தியப் போட்டி கோடையில் மின்னொளியில் நடக்கிறது. தில்லி, மும்பை, பெங்களூரு, செகந்திராபாத் என்று ராணுவ, ரயில்வே, எண்ணெய் நிறுவன, வங்கி அணிகள் வருகின்றன. உள்ளூர் விடுதி அணியும் ஆடும். கோப்பை பெரும்பாலும் வெளியூருக்கே போகும். கூட்டம் அதற்காகக் குறைவதில்லை. கால்பந்து ரசிகரின் அளவுகோல் இங்கே பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். கோவில்பட்டி ரசிகருக்குக் காப்பாற்ற வேண்டிய கிளப் என்று ஒன்று கிடையாது. அவர் கொண்டாடுவது போட்டியை. பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து எறியும் இந்திய வீரரைப் பத்தடி தூரத்தில் பார்ப்பதே அவருக்கு வெற்றி.

கிளப் இல்லாத ஊரில் தரமிறக்கம் கோப்பைக்கே வரும். நல்ல அணிகள் வரத் தயங்கினால், நாள்காட்டியில் வேறு போட்டி மோதினால், புரவலர் கை சுருங்கினால், அகில இந்தியப் போட்டி மாநிலப் போட்டியாகும், பிறகு மாவட்டப் போட்டியாகும், பிறகு நின்றுபோகும். ரோவர்ஸ் கோப்பை நூறாண்டு தாண்டி, 2000-01க்குப் பின் நடக்கவே இல்லை. டூராண்டும் தளர்ந்து, 2019இல் கொல்கத்தாவுக்கு இடம்பெயர்ந்துதான் மூச்சு விட்டது. பட்டியல் போட்டுக் காட்டாத இந்த இறக்கத்தை யாரும் உடனே கவனிப்பதில்லை. லீக்கில் இறங்கும் அணிக்காவது அழ ஆள் இருக்கும்.

ஏற்ற இறக்க விதி 2025இல் மாநில அணிகளின் ஹாக்கியில் கூர்மையானது. தேசிய சீனியர் போட்டியை ஹாக்கி இந்தியா ஏ, பி, சி என மூன்று பிரிவாக்கியது. ஏ பிரிவில் மட்டுமே பட்டத்துக்கு ஆட முடியும். அதில் கடைசியில் வரும் மாநிலங்கள் அடுத்த ஆண்டு பி பிரிவுக்குப் போகும். அந்த ஏப்ரலில் ஜான்சியில் நடந்த ஆண்கள் போட்டியில் தமிழ்நாடு ஏ பிரிவில் ஆடியது. கோவில்பட்டி விடுதியிலிருந்து ஆள் எடுக்கும் மாநில அணிக்கு ஏ பிரிவில் நிற்பது மானப் பிரச்சினை மட்டுமல்ல. இந்திய அணித் தேர்வாளர்களும் வேலை கொடுக்கும் நிறுவனங்களும் முதலில் பார்ப்பது அந்தப் பிரிவைத்தான். கோப்பைக்காகவே ஆட்டம் பார்த்துப் பழகிய ஊர், ஒரு மாநில அணி ஏழாவது இடமா பதினோராவது இடமா என்று கணக்குப் பார்க்க வேண்டிய காலம் இது. ரசிகர் கோப்பையைப் பெரிதாக நினைப்பது நியாயமே, நினைவில் நிற்பது அதுதான். ஆனால் மட்டை பிடிக்கும் பையனுக்கு ஏ பிரிவில் ஒரு இடம் எந்தக் கோப்பையையும்விடப் பெரிது.